தமிழ் கிளாஸ்ல ஸ்மார்ட் போர்டும் டேப்லெட்டும்: பல வருஷம் புழங்கின அனுபவம்

மொரிஷியஸ்ல ஒரு அரசு பிரைமரி ஸ்கூல்ல தமிழ் டீச்சரா இருக்கேன். கிளாஸ்ல போர்டும் டேப்லெட்டும் வந்து இறங்குற அன்னைக்கு பேப்பர்ல போட்டோ வருது, எல்லாரும் பேசுறாங்க, ஆனா அஞ்சாறு வருஷம் கழிச்சு அதுல எது ஓடுது எது அலமாரியில கிடக்குதுன்னு யாரும் எழுதுறதில்ல, அதான் நானே எழுதிடலாம்னு உட்கார்ந்தேன்.

ரெண்டும் தனித்தனி திட்டம். போர்டு வந்தது 2011 வாக்குல பிரான்ஸ் உதவியோட ஆரம்பிச்ச சங்கோரே திட்டத்துல, பெரிய கிளாஸ் பிள்ளைங்களுக்கு. டேப்லெட் திட்டம் 2018-ல ஆரம்பிச்சது, சின்னதுங்களுக்கு. 2016-ல இந்தியா நம்ம நாட்டுக்குக் கொடுத்த 353 மில்லியன் டாலர் நிதியுதவியில மெட்ரோ, சுப்ரீம் கோர்ட் கட்டடம், இ.என்.டி. ஆஸ்பத்திரி, வீடுங்க, இதுங்களோட அஞ்சாவதா இருந்தது இந்த டேப்லெட்தான்.

முதல்ல போர்டு. லேப்டாப்ல இருக்கிறதை ப்ரொஜெக்டர் போர்டு மேல காட்டும், அதுக்குன்னு இருக்கிற பேனாவால நாம அது மேலயே எழுதலாம். எனக்கு இது ரொம்பப் பிடிச்சுப்போச்சு, அதுக்குக் காரணம் ஒரே ஒரு வசதி. நாம போர்டுல எழுதுறதையும் பேசுறதையும் சேர்த்து அப்படியே வீடியோவா ரெக்கார்ட் பண்ணிக்கலாம். இதுல என்ன பெரிசுன்னு கேப்பீங்க. புத்தகத்துல ழ எழுத்து எழுதி முடிச்ச மாதிரிதான் இருக்கும், கை எங்க ஆரம்பிக்குது, எங்க மடங்குது, கீழ அந்த வால் எப்படி இறங்குதுன்னு பிள்ளைக்குத் தெரியாது. நம்ம பிள்ளைங்க வீட்ல பேசுறது பிரெஞ்சுல இருந்து வந்த எங்க ஊர் மொழி கிரியோல், டிவியில பாதிக்கு மேல பிரெஞ்சு, நோட்டுல தப்பா எழுதியிருந்தா எடுத்துப் பார்த்துத் திருத்த அம்மா அப்பாவுக்கே தமிழ் எழுத்து தெரியாது. நான் மெதுவா எழுதி, எழுதும்போதே லகரம் ளகரம் ழகரம் மூணையும் சொல்லிக்காட்டி ரெக்கார்ட் பண்ணி வச்சதை அதே பிள்ளை வீட்ல அம்மா போன்ல பத்து தடவை ஓட்டிப் பாக்குது, கூட உட்கார்ந்து பாட்டியும் பாக்குறாங்க. இது சாக்பீஸால முடியாத வேலை.

தைப்பூசம் முடிஞ்ச வாரத்துல கோயில்ல எடுத்த போட்டோவை எல்லாம் போர்டுல போட்டு காவடி, பால்குடம், மயிலிறகு, வேல்னு ஒண்ணொண்ணா தொட்டா பேர் கேக்குற மாதிரி பண்ணினேன். குரல் பிள்ளைங்களோடதே. வாயே திறக்காத ஒரு பையன், அவன் சொன்ன 'மயிலிறகு' போர்டுல இருந்து வந்ததும் எந்திரிச்சு நின்னு இன்னொரு தடவை போடுங்க மிஸ்னு கேட்டான். அதுக்கப்புறம் அந்த வருஷம் முழுக்க அவன் சத்தமாத்தான் வாசிச்சான்.

சாஃப்ட்வேர் விஷயத்துலயும் குறை சொல்ல எதுவும் இல்ல. போர்டுல ஓடுற ஓப்பன்-சங்கோரே காசு கொடுக்க வேண்டாத, யார் வேணா எடுத்து மாத்திக்கக்கூடிய சாஃப்ட்வேர். சுவிஸ்ல லோசான் யுனிவர்சிட்டியில 2003-ல ஆரம்பிச்ச யூனிபோர்டுங்கிற சாஃப்ட்வேர்ல இருந்து வந்தது, இப்போ ஜெனீவா கல்வித்துறை எடுத்து ஓப்பன்போர்டுங்கிற பேர்ல வளர்த்துட்டு வருது. நான் வீட்டு லேப்டாப்லயும் அதைத்தான் போட்டு வச்சிருக்கேன்.

சரி, கஷ்டத்துக்கு வர்றேன். தமிழ் பீரியட் வந்தா கிளாஸ் பிரியும், பிள்ளைங்க அவங்கவங்க எடுத்த மொழிக்குப் போயிடுவாங்க. ஹிந்தி, தமிழ், தெலுங்கு, மராத்தி, உருது, மாண்டரின், அரபிக், 2012-ல இருந்து கிரியோலும் சேர்ந்துச்சு. போர்டு இருக்கிற ரூம்ல ஒரு குரூப்தான் உட்கார முடியும், எங்க ஸ்கூல்ல அது பெரும்பாலும் தமிழ் குரூப் இல்ல. எண்ணிக்கையில சின்ன குரூப், கிடைச்ச ரூம்ல உட்காருங்கன்னு சொல்லிடுவாங்க, லைப்ரரி மூலையில கூட நடத்தியிருக்கேன். எந்த மொழிக்கு இந்த மெஷின் அதிகமா உதவுமோ அந்த மொழிக்கு ரூம் இல்ல. வாங்குறதுக்கு முன்னாடி டைம்டேபிளை ஒரு தடவை கையில எடுத்துப் பார்த்திருந்தாலே இது தெரிஞ்சிருக்கும், இதை நான் மீட்டிங்ல சொல்லாத வருஷம் இல்ல.

அடுத்தது பல்ப். பழைய ப்ரொஜெக்டர் பல்ப்புக்கு ஆயுசு சில ஆயிரம் மணி நேரம்தான், அது போகப்போறதை முன்னாடியே சொல்லும், படம் மஞ்சளாகி மங்கிட்டே வரும். ஆனா புது பல்ப்புக்கு எழுதிப்போட்டு வர்றதுக்குள்ள ஒரு டெர்ம் ஓடிடுது. ப்ரொஜெக்டர்ல காத்து போற பில்டரை மாசம் ஒரு தடவை சின்ன பிரஷ்ஷால தூசி தட்டினா ஆயுசு கூடும், இதை ட்ரெய்னிங்ல யாரும் சொல்லித்தரல. பேனா படுற இடமும் கோடு விழுற இடமும் ஒண்ணா இருக்கிற மாதிரி சரிபண்ற கேலிப்ரேஷனும் அப்படித்தான். ப்ரொஜெக்டர் லேசா நகர்ந்தாலும் பேனா வைக்கிற இடத்துல கோடு விழாது, ரெண்டு விரல் தள்ளி விழும், நெடிலுக்குப் போட்ட கால் பக்கத்து எழுத்து மேல போய் நிக்கும். தினமும் ஆரம்பிக்கும்போது கேலிப்ரேஷன் பண்ணிடுங்க, ஒரு நிமிஷம்தான் ஆகும்.

தமிழ் டீச்சருங்களுக்கு மட்டும் ஒண்ணு: பழைய ஃபான்ட்ல டைப் பண்ணின பாடத்தை இன்னொரு லேப்டாப்ல திறந்தா தமிழே வராது, ஏதோ இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா வரும். எல்லாத்தையும் எந்த லேப்டாப்லயும் ஒரே மாதிரி வர்ற யூனிகோடுக்கு மாத்துங்க, கிளாஸுக்குக் கொண்டு போறதை பிடிஎஃப்பா சேவ் பண்ணிக்கோங்க.

டேப்லெட் பத்தி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்ல. கேக்குறதுக்கு நல்லது, ஹெட்ஃபோன் மாட்டிட்டு கதையும் வார்த்தையும் கேட்டா உச்சரிப்பு நல்லா பிடிபடுது. எழுதுறதுக்கு வேண்டாம். கண்ணாடி மேல விரல் வழுக்கிட்டுப் போயிடும், பென்சில் பிடிக்கிற அழுத்தம் கைக்கு வராது, டேப்லெட்ல அ எழுத்தை அழகா தடவி ஸ்டார் வாங்கின பிள்ளை நோட்டுல கோட்டுக்குள்ள எழுத முடியாம முழிக்கும். பேட்டரி இன்னொரு தலைவலி. நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் லீவு, நல்ல வெயில் காலம், சார்ஜ் இல்லாம அலமாரியில பூட்டி வச்சா திரும்ப வரும்போது சிலது செத்தே கிடக்கும். லீவுக்கு முன்னாடி பாதி சார்ஜ் ஏத்தி ஆஃப் பண்ணி வைக்கணும்.

2020 மார்ச்ல கொரோனாவுக்கு ஸ்கூல் மூடினப்போதான் எது நிஜமா உதவும்னு தெரிஞ்சுது. எங்க அரசு டிவியான எம்.பி.சி.யில பாடம் போட்டாங்க, அது நல்ல காரியம். எங்க டேப்லெட் அத்தனையும் பூட்டின ஸ்கூலுக்குள்ள. என் பிள்ளைங்களுக்குப் போய்ச் சேர்ந்தது வருஷக்கணக்கா போர்டுல ரெக்கார்ட் பண்ணி பென் டிரைவ்ல வச்சிருந்த அந்தச் சின்னச் சின்ன வீடியோதான், வாட்ஸ்அப்ல அனுப்பினேன்.

பெருவுல கிராமத்து ஸ்கூல் 319-ஐ எடுத்து ஆராய்ச்சி பண்ணினாங்க, பிள்ளைங்களுக்கு லேப்டாப் கொடுத்ததால கணக்குலயும் மொழியிலயும் முன்னேற்றம் எதுவும் தெரியலைன்னு அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கி 2012-ல அறிக்கை வெளியிட்டுச்சு. அதைப் படிச்சப்போ எனக்கு ஆச்சரியமே வரல. பொருளுக்குக் காசு ஒதுக்குற அரசாங்கம் பாடம் தயார் பண்றதுக்கு டீச்சருக்கு நேரம் ஒதுக்கணும். பத்து நிமிஷ வீடியோவுக்கு ஒரு சாயங்காலம் முழுசா போகுது, அதை நான் என் வீட்டு நேரத்துல பண்றேன், எல்லாராலயும் அது முடியாது. மோக்கால இருக்கிற மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல தமிழ் புத்தகம் எழுதுறவங்களோட வாரத்துல ஒரு நாள் எங்கள மாதிரி நாலு டீச்சரை உட்கார விட்டா, ஒரு வருஷத்துல கிரேட் 1-ல இருந்து 6 வரைக்கும் எல்லா எழுத்துக்கும் வீடியோ தயாராயிடும், தீவு முழுக்க எல்லா தமிழ் கிளாஸும் எடுத்துக்கலாம்.

அடுத்து ப்ரொஜெக்டர் வாங்குறப்போ பல்ப் இல்லாத லேசர் மாடலா கேளுங்க, அதுக்கு சுமார் 20,000 மணி நேரம் சொல்றாங்க. ரிப்பேருக்கு ஆள் எத்தனை நாள்ல வரணும்னு டெண்டர்லயே எழுதுங்க. மொழி கிளாஸ் நடக்குற ரூமுக்கும் ஒண்ணு வைங்க.