ஹார்மோன் பரிசோதனையா, நோட்டுப் புத்தகமா?

46 வயதில் நடு ராத்திரி வியர்த்துக் கொட்டி விழிப்பு வர ஆரம்பித்தது. மெனோபாஸ் நெருங்குகிறதா என்று தெரிந்துகொள்ள இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ரத்தம் கொடுத்து ஹார்மோன் அளவைப் பார்ப்பது. இன்னொன்று, மாதவிடாய்த் தேதிகளையும் தொந்தரவுகளையும் ஒரு நோட்டில் குறித்து வருவது. இரண்டையும் செய்து பார்த்தேன். என்னிடம் நிலைத்தது நோட்டுதான்.

பரிசோதனையின் சௌகரியம் தெரிந்ததே: ஒரு ஊசி, கையில் ஒரு எண். நோட்டுக்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ஆனால் அந்த எண் அடுத்த மாதமும் அப்படியே இருக்குமா? அங்கேதான் எனக்குச் சிக்கல்.

இந்த வயதில் ஹார்மோன் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. சினைப்பையில் முட்டைகள் குறையக் குறைய, பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பிச் சினைப்பையை உசுப்புகிறது. சினைப்பை ஒரு மாதம் கேட்கும், ஒரு மாதம் கேட்காது. கேட்கிற மாதத்தில் ஈஸ்ட்ரோஜன் முன்னைவிட அதிகமாகக்கூட ஏறும். முட்டை வெளிவராத மாதத்தில் புரோஜெஸ்ட்ரோன் போதிய அளவு சுரக்காது. மாதவிடாய் தள்ளிப்போய், வரும்போது உதிரம் அதிகமாகப் போகும். என் முதல் ரிப்போர்ட்டில் எஃப்.எஸ்.எச். 'நார்மல்'. அந்த வாரம் நான் சரியாகத் தூங்கியது இரண்டே ராத்திரி! ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் எகிறியிருந்தது; அதற்கடுத்த மாதமோ மாதவிடாய் ஒழுங்காக வந்தது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 45 வயது தாண்டியவர்களுக்கு மெனோபாஸைக் கண்டுபிடிக்க இந்தப் பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

நோட்டில் நான் குறித்தவை மூன்றே: மாதவிடாய் வந்த தேதி, எத்தனை நாள் இருந்தது, ராத்திரி வியர்த்ததா. 27, 36, 25, 38 நாள் என்று இடைவெளிகள் வந்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அடுத்தடுத்த சுழற்சிகளுக்கு நடுவே ஏழு நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் மெனோபாஸை நோக்கிய மாற்றம் தொடங்கிவிட்டது என்று மருத்துவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். இடைவெளி 60 நாளைத் தொட்டால் அந்த மாற்றத்தின் பின்கட்டம். தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால் மெனோபாஸ். அதுவரை கர்ப்பத்துக்கு வாய்ப்பு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. மருத்துவரும் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு நோட்டைத்தான் புரட்டினார்.

அதற்காக ஊசியே வேண்டாம் என்று சொல்லவில்லை. 45 வயதுக்கு முன்பே, அதிலும் 40-க்கு முன்பே, மாதவிடாய் தடுமாறினால் எஃப்.எஸ்.எச். பார்க்கத்தான் வேண்டும். தைராய்டு கோளாறிலும் இதே படபடப்பும் வியர்வையும் வரும். அதை நோட்டு காட்டிக்கொடுக்காது. உதிரம் அதிகம் போனால் ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுவது நல்லது.

கருப்பை எடுத்தவர்களுக்கும், ஹார்மோன் உள்ள கருத்தடைச் சாதனம் பொருத்தியவர்களில் சிலருக்கும் குறிக்கத் தேதியே இருக்காது. அப்போது வியர்வை, தூக்கம் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு நோட்டு எவ்வளவு உதவும் என்று சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. அப்புறம், 12 மாதம் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் நோட்டில் குறித்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.