நெல்லை ஐசியூவில் அப்பாவுடன்

பொங்கலுக்கென்று டொராண்டோவிலிருந்து திருநெல்வேலி வந்த பயணம், தனியார் மருத்துவமனை ஒன்றின் ஐசியூ வாசலில்தான் கழிந்தது. அப்பாவுக்கு நிமோனியா முற்றி வென்டிலேட்டர் வைத்திருந்தார்கள். பெற்றோரை ஊரில் விட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

உள்ளே போனால் அப்பா அசையாமல் கிடந்தார். "நல்லா உறங்குதாரு, வலியே தெரியாது" என்றாள் அத்தை. நானும் அப்படித்தான் நினைத்தேன். டூட்டி டாக்டர் மறுத்தார். மிடாசோலம், புரோபோஃபால் எல்லாம் மயக்கத்துக்குத்தான், வலியைப் போக்காது. அதனால் முதலில் ஃபென்டனில் கொடுத்து வலியைக் குறைத்துவிட்டு, தேவைப்பட்டால்தான் மயக்க மருந்து சேர்க்கிறார்களாம்.

சரி, பேச முடியாதவருக்கு வலிப்பது எப்படித் தெரியும்? சிஸ்டர் காட்டினார். சளி உறிஞ்சும் குழாயை விட்டதும் அப்பாவின் புருவம் நெரிந்தது, விரல்கள் இறுக மடங்கின, வென்டிலேட்டர் அலாரம் அடித்தது. முகம், உடல் அசைவு, தசை இறுக்கம், வென்டிலேட்டரோடு ஒத்துப்போவது என நான்குக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் வலி இருப்பதாக எடுத்துக்கொண்டு மருந்தைக் கூட்டுகிறார்கள். அப்புறம் "தாத்தா, கண்ணத் திறங்க" என்று கூப்பிட்டு, மயக்கம் எவ்வளவு ஆழம் என்பதையும் சார்ட்டில் எழுதினார். கூப்பிட்டால் விழிக்கிற லேசான மயக்கம்தான் நல்லதாம். ஆழமாகத் தூங்க வைத்தால் வென்டிலேட்டரிலிருந்து எடுக்கத் தாமதமாகும். இந்தக் கவனிப்பில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அந்த சிஸ்டருக்கு என் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

எங்களை வருத்தியது வேறு. வென்டிலேட்டர் குழாயை எடுத்த பிறகு ஒரு ராத்திரி அப்பாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது. வீட்டில் இருப்பதாக நினைத்து ஊசிக் குழாய்களைப் பிடுங்கப் பார்த்ததால் கைகளைக் கட்டிவிட்டார்கள். ஐசியூ நோயாளிகளுக்கு இந்தக் குழப்பம் சகஜம் என்று முன்பே யாரும் சொல்லவில்லை. கட்டியதையும் காலையில்தான் பார்த்தோம். அவருடைய கண்ணாடியும் காது மெஷினும் அதுவரை எங்கள் பையிலேயே கிடந்தன. கேட்ட பிறகு இரண்டையும் மாட்டிவிட அனுமதித்தார்கள். பார்வை நேரம் தாண்டியும் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மெல்ல மெல்ல ஆளை அடையாளம் கண்டு பேசத் தொடங்கினார்.

டிஸ்சார்ஜ் அன்று நிர்வாகியிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்: இந்த விவரங்களைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு, நோயாளியை உள்ளே எடுக்கும் அன்றே குடும்பத்தாரிடம் கொடுங்கள், கண்ணாடி, காது மெஷினைக் கேட்டு வாங்கி வையுங்கள்.