கல்லூரி வைஃபையில் 6 வருடம்: 22 பெயரிலிருந்து 3 பெயருக்கு

பினாங்கில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வருகைப் பதிவு, பாடக் குறிப்பு, இடுபணி திருத்துவது என்று காலை எட்டு மணியிலிருந்து என் வேலை முழுக்க கல்லூரி வைஃபையில்தான். இந்த 6 வருடத்தில் இணைய வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள், கூரையில் மாட்டியிருக்கும் வைஃபை பெட்டிகளையும் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் எனக்கு நிஜமாகவே நிம்மதி தந்தது, வைஃபைக்கு வைத்திருந்த பெயர்களை ஒழுங்குபடுத்தியதுதான்.

நான் சேர்ந்தபோது போனைத் திறந்தால் 22 பெயர் வரும், ஒரு நாள் எண்ணியே பார்த்தேன். புளோக் ஏ கீழ்த்தளம், புளோக் ஏ முதல் மாடி, நூலகம், கேன்டீன், அஸ்ராமா (மாணவர் விடுதி), ஊழியர், ஊழியர் 2... ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல், அதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். எந்த இடமோ அந்தப் பெயர், சுலபமாக இருக்கும் என்று யாரோ நல்லெண்ணத்தில் செய்த வேலை. ஆனால் போனுக்கு மாடியும் தெரியாது, புளோக்கும் தெரியாது. ஒரே பெயர், ஒரே மாதிரி உள்நுழைவு என்றால்தான் நாம் நடக்க நடக்க ஒரு பெட்டியை விட்டு அடுத்த பெட்டிக்குத் தானாகத் தாவும். பெயர் மாறினால் அதற்கு அது வேற்றூர். பழைய சிக்னல் இழுத்துப் பறித்துக்கொண்டிருந்தாலும் அதையே கட்டிக்கொண்டு கிடக்கும்.

ஒரு மாலை மூன்றாம் மாடிப் படிக்கட்டில் ஒரு மாணவி மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். இடுபணி அனுப்ப இன்னும் பத்து நிமிடம். “மிஸ், லைன் இல்ல மிஸ், சுத்திக்கிட்டே இருக்கு” என்றாள். அவள் தலைக்கு நேர் மேலே கூரையில் வைஃபை பெட்டி விளக்கு எரிகிறது. கணினியோ கீழ்த்தளத்தின் பெயரை ஒற்றைக் கோட்டில் பிடித்திருக்கிறது. மூன்றாம் மாடிக் கடவுச்சொல் ஒட்டியிருந்த இடத்தில் பசைத்தடம் மட்டும் இருந்தது. என் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து கொடுத்து அனுப்ப வைத்தேன். இப்போது நினைத்தாலும் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது, அந்தப் பிள்ளை பக்கம் ஒரு தப்பும் இல்லையே.

நெட்வொர்க் பார்க்கும் அண்ணன் ஒருவர் அப்புறம் விளக்கினார். ஒவ்வொரு பெட்டியும் தான் தாங்கும் ஒவ்வொரு பெயரையும் நொடிக்குப் பத்து முறை போல ‘நான் இருக்கிறேன்’ என்று அறிவித்துக்கொண்டே இருக்குமாம், அதுவும் பழைய கருவிகளுக்கும் கேட்கவேண்டும் என்று மிக மெதுவான வேகத்தில். ஒரு பெட்டியில் 8 பெயர் என்றால் நொடிக்கு 80 அறிவிப்பு. வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசை 1, 6, 11 என்று மூன்றுதான், அதனால் பக்கத்துப் பெட்டிகளும் அதே அலைவரிசையில் கத்தும். யாரும் எதையும் பதிவிறக்காதபோதே காற்றில் பாதி இடம் பெயர் சொல்லியே போய்விடும்.

மூன்றாம் வருடம் எல்லாவற்றையும் 3 பெயராக்கினார்கள். மாணவருக்கும் ஊழியருக்கும் ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, பிரிண்டர், புரொஜெக்டர் போன்ற கருவிகளுக்கு ஒன்று. அவரவர் பயனர் பெயரில் உள்ளே போனால் மாணவரா ஊழியரா என்று பார்த்து, பின்னால் இருக்கும் சர்வர் தனித்தனியாகப் பிரித்துவிடும். ஒருவர் கல்லூரியை விட்டுப் போனால் அவர் கணக்கை மட்டும் மூடினால் போதும், முன்பு போல எல்லாருக்கும் கடவுச்சொல் மாற்ற வேண்டியதில்லை. மாடியும் அறை எண்ணும் இப்போது பெட்டியின் மேல் ஸ்டிக்கராக இருக்கிறது. பழுது என்றால் அந்த எண்ணைச் சொன்னால் சரி, ஆள் வந்துவிடுவார்.

தூரம் குறைவாக எட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு, பெயருக்குப் பின்னால் ‘5ஜி’ போட்டு இரண்டாகப் பிரித்திருந்ததையும் எடுத்துவிட்டார்கள். கைப்பேசி 5ஜி என்றே பல மாணவர்கள் நம்பினார்கள், இரண்டு சுவர் தாண்டியதும் அறுந்துபோகும்போது காரணம் புரியாமல் தவித்தார்கள். தேர்வுப் பிரிவு ஒளித்து வைத்திருந்த பெயரும் போய்விட்டது, அதற்கு எனக்கு ரொம்ப சந்தோஷம். பெயரை ஒளித்தால் அதைத் தேடும் மடிக்கணினிதான் கோம்தார் போனாலும் குர்னி போனாலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும், அதில் என்ன பாதுகாப்பு?

குறை இல்லாமல் இல்லை. ஆண்ட்ராய்டில் முதல் முறை இணைப்பது இன்னும் பாடுதான், சான்றிதழ், டொமைன் என்று கேட்கும், புதிய மாணவர்கள் திகைத்து நிற்பார்கள். போன வருடம் கல்லூரி சின்னத்தை மாற்றியபோது வைஃபை பெயரையும் சேர்த்து மாற்றினார்கள், அதுவும் தேர்வுக்கு முந்திய வாரம்! எல்லாக் கருவியும் முதலிலிருந்து. எடுரோம் என்று ஒரு பொது வைஃபை இருக்கிறது, அதில் சேர்ந்த எந்தக் கல்லூரிக்குப் போனாலும் சொந்தக் கல்லூரிக் கணக்கிலேயே இணையலாம். அது 2002இல் ஐரோப்பாவில் முளைத்த யோசனை, இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளில் அதே பெயர், ஓர் எழுத்து மாறவில்லை. கெலுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டறைக்குப் போனபோது, பக்கத்தில் இருந்த கோலாலம்பூர் விரிவுரையாளரின் போன் கைப்பையில் இருந்தபடியே இணைந்துவிட்டது. எங்கள் கல்லூரியும் அதில் சேரவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இந்தப் பொங்கலுக்கு மாணவர்கள் மண்டபத்தின் விருந்தினர் வைஃபைக்கு அன்று ஒரு நாள் மட்டும் தமிழில் பெயர் வைக்கக் கேட்டார்கள், அண்ணனும் சம்மதித்தார். ‘தமிழ் மன்றம்’ என்று போட்டால் ஏற்கவில்லை. வைஃபை பெயருக்கு 32 பைட்தான் இடம். தமிழில் எழுத்து, கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும், கூட்டினால் 34 வருகிறது. கடைசிப் புள்ளியை எடுத்தால் 31, உள்ளே போகும், ஆனால் ‘மன்றம’ என்று நிற்கும். பிள்ளைகள் யாரும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ‘பொங்கல் விழா’வும் 34. கடைசியில் ‘பொங்கல்’ மட்டும், 21 பைட். அன்று ஒரு மாணவனின் பாட்டி, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர், போனைக் கையில் வைத்துக்கொண்டு, “இதுதானே கண்ணு?” என்று அந்தப் பெயரைத் தானே தொட்டார்.