பூசாத முகப்பில் ஸ்லாக் கான்கிரீட்: மழையும் உப்பும் பட்ட பிறகு

ஸ்லாக் (இரும்பு உலைக்கசடு) கலந்த பி.எஸ்.சி. சிமென்டில் வார்த்த சுவரில் சென்ட்ரிங் பலகையைப் பிரித்ததும் நீலப்பச்சைத் திட்டுகள் தெரிந்தால் பதற வேண்டாம். உலைக்கசடில் இருக்கும் சல்பைடின் நிறம் அது. காற்றுப் பட்டால் சில நாள்களில் மங்கும். காற்றோட்டம் இல்லாத மூலைகளில் சில வாரம் பிடிக்கும். அதற்குள் ஆசிட் ஊற்றிக் கழுவினால் மேல்தோல் அரித்துவிடும். நிறம் போனபின் நிற்பது கலப்பில்லாத சாதாரண சிமென்டான ஓ.பி.சி.யைவிட வெளுத்த, அழகான சாம்பல் நிறம்.

அனல்மின் நிலைய நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. இதற்கு நேர்மாறு: கருமை கூடும், அதுவும் ஒரே சீராக இருக்காது. எரியாத கரி லோடுக்கு லோடு மாறுவதே காரணம். ஒரு முகத்துக்கான மூட்டைகளில் ஒரே உற்பத்தி வார எண் இருக்கட்டும். பலகைகளையும் ஒரே வயதில் பிரிக்க வேண்டும். சுட்ட களிமண் சேர்ந்த எல்.சி.3 சிமென்டில் (ஐ.எஸ். 18189, 2023) களிமண்ணின் இரும்பைப் பொறுத்துச் செம்மை தட்டலாம்.

கெடுவது பெரும்பாலும் நனைப்பதில்தான். ஏழு நாளோடு நிறுத்தும் வழக்கம் ஓ.பி.சி.க்கானது, கலப்பு சிமென்டுக்கு இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 குறைந்தது 10 நாள் கேட்கிறது, 14 நாள் நல்லது. ஈரச் சாக்கை, முக்கியமாகத் தென்னைநார்ச் சாக்கை, சுவரில் ஒட்டப் போட்டால் பழுப்புக் கறை இறங்கும்; கையகலம் தள்ளித் தொங்கவிடுங்கள். கடலோரக் கிணறுகளின் உப்புநீர் வெள்ளைப் பூப்பாகத் திரும்பி வரும், கம்பிக்கும் ஆகாது.

குமரி மாவட்டக் கடலோரத்தில் குளச்சல், முட்டம் பக்கம் கான்கிரீட் தரம் எம்30, நீர்–சிமென்ட் விகிதம் 0.45, கவர் (கம்பிக்கு மேல் கான்கிரீட்டின் தடிமன்) 45 மி.மீ.; அலைத்துளி நேரே தெறிக்கும் சுவருக்கு எம்35, 50 மி.மீ. உப்பு ஊடுருவலை ஸ்லாக் நன்றாகத் தடுக்கிறது; கரையோரத்துக்கு அதுவே எங்கள் தேர்வு. கட்டுக்கம்பியின் நுனி வெளிமுகம் பார்த்து நின்றாலோ எந்தச் சிமென்டிலும் துருக்கோடு வழியும்.

இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. தென்மேற்கு மழை சாய்ந்தடிக்கும் மேற்குச் சுவரில் ஜன்னலடியில் கரும்பாசி படரும். ஜன்னலின் அடிப்பலகைக்கு (சில்) வெளிப்புறச் சரிவும், அடியில் விளிம்பிலிருந்து 25 மி.மீ. உள்ளே 12 மி.மீ. ஆழத்தில் சொட்டுக்காடியும் (நீர் சுவரில் வழியாமல் சொட்டிவிழச் செய்யும் பள்ளம்) வையுங்கள். வளவளப்பான அக்ரிலிக் பூச்சு உப்பு ஈரத்தில் உரிகிறது. சுவர் நன்கு காய்ந்த பிப்ரவரி, மார்ச்சில் சிலேன் (கான்கிரீட்டுக்குள் ஊறி நீரை விலக்கும் திரவம்) அடிப்பதுதான் நிறத்தை மாற்றாமல் தண்ணீரைத் தள்ளும்.