யூரியா சாக்கா, பால் கவரா?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும் கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதலும் கேரி பேக்குக்குத் தடை. ஆனாலும் கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டையில் எங்கள் வீடுகளில் பால் கவரும் யூரியா சாக்கும் சேர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. இரண்டையும் தோட்டத்தில் செடி வளர்க்கும் தொட்டியாகப் பயன்படுத்திவிட்டு, நான் பால் கவர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

சாக்கின் வசதி எல்லோருக்கும் தெரியும். 45 கிலோ யூரியா வந்த சாக்கில் மண் தாராளமாகக் கொள்ளும். கத்தரி, சேனை, இஞ்சி எதுவானாலும் அறுவடை வரை வளர்க்கலாம். பால் கவரில் அது நடக்காது.

ஆனால் வெயிலை யோசிக்க வேண்டும். சாக்கு, பாலிப்ரொப்பிலீன் நாடாக்களால் நெய்தது. மாதக்கணக்கில் வெயிலில் நின்றால் புறஊதாக் கதிர் பட்டு நாடா நொறுங்கும். எங்கள் மொட்டைமாடியில் வெயில் விழும் பக்கம்தான் முதலில் வெளுத்தது; பிறகு விரலால் தேய்த்தாலே வெள்ளை இழைகளாக உதிர்ந்தது. நகர்த்தலாம் என்று தூக்கினால் வாய் கிழிந்து மண் கொட்டுகிறது. சாரல் காலத்தில் ஆரியங்காவு கணவாய் வழியே வரும் காற்று பாதி இழையை வயலுக்குக் கொண்டுபோகிறது. மீதி மண்ணிலேயே கலக்கிறது. அதைப் பொறுக்கி எடுக்க யாராலும் முடியாது. குப்பையைக் குறைக்கத் தொடங்கிய வேலை, குப்பையைப் பொடியாக்கி மண்ணுக்குள் புதைப்பதில் முடிவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பால் கவர் வெயிலில் நிற்கும் காலமே குறைவு. பப்பாளி நாற்று ஒன்றரை, இரண்டு மாதத்தில் நடவுக்கு வந்துவிடும். வேர் அசைந்தால் வாடும் செடி என்பதால் தனித்தனிக் கவர் அதற்கு மிகவும் பொருத்தம். பால் ஊற்றும்போதே மூலையைத் துண்டாக வெட்டி எறியாமல், மேல் விளிம்பை மட்டும் கீறிவிடுங்கள். கழுவி, அடியில் நான்கைந்து துளையிட்டு, செம்மண், மணல், தொழு உரம் கலந்து நிரப்பினால் போதும். நடும்போது கவரைக் கவிழ்த்து லேசாகத் தட்டினால் மண் கட்டியோடு நழுவி வரும். கவர் முழுசாகக் கையில் நிற்கும்: அடுத்த நாற்றுக்கு வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் பழைய பொருள் கடைக்குப் போடலாம்.

பழைய கேரி பேக்குகளைக் கீறித் திரித்த கயிற்றில் அவரைக் கொடியை ஏற்றியிருக்கிறேன். பாரம் தாங்குமா என்று சோதித்ததில்லை. வெயிலில் அதற்கும் சாக்கின் கதிதான் வரும் என்று நினைக்கிறேன்.

சாக்குதான் வேண்டுமென்றால் தென்னை நிழலில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் ஊன்றிய இஞ்சி மார்கழி, தையில் கைக்கு வந்ததும், உதிரத் தொடங்கும் முன்பே சாக்கை மாற்றிவிடுங்கள்.