மித்பஸ்டர்ஸ்: குற்றக் கதை எழுதுகிறவன் பார்த்தால்

நம் துப்பறியும் கதைகளில் கார் ஏரிக்குள் பாய்ந்தால், நாயகன் ஒரே உதையில் கதவைத் திறந்து நீந்திக் கரையேறிவிடுவான். வார இதழ்களுக்குக் குற்றக் கதை எழுதுகிற எனக்கு அந்த உதையைப் பார்த்தாலே எரிச்சல் வரும். நான் சைதாப்பேட்டைக்காரன். 2015 டிசம்பரில் அடையாறு தெருவுக்குள் வந்ததைப் பார்த்த வாசகர்களிடம் தண்ணீரைப் பற்றிக் கதை விட முடியாது.

டிஸ்கவரி சேனலில் 2003-ல் தொடங்கிய 'மித்பஸ்டர்ஸ்' நிகழ்ச்சி இந்த விஷயத்தில் கைகொடுக்கும். ஆடம் சாவேஜ், ஜேமி ஹைனமன் இருவரும் விஞ்ஞானிகள் இல்லை. சினிமாவுக்கு ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் செய்தவர்கள். படத்திலும் ஊர்வாயிலும் உலவுகிற சமாசாரங்களைத் தங்கள் பட்டறையில் செய்தே பார்த்துவிடுவார்கள்.

கார் மூழ்கும் எபிசோடை மட்டுமாவது பாருங்கள். ஆடமை உள்ளே உட்காரவைத்துக் காரை நீச்சல் குளத்தில் இறக்குகிறார்கள். தண்ணீர் கொஞ்சம் ஏறியதுமே கதவு அசைய மறுக்கிறது. சராசரியாக அரை மீட்டர் ஆழம் என்றாலும், ஒரு சதுர மீட்டர் கதவின் மேல் ஏறத்தாழ 500 கிலோ சாய்ந்து நிற்பதற்குச் சமம். இந்தக் கணக்கைக் கன்னிமாரா நூலகத்தில் ஏதாவது இயற்பியல் புத்தகத்தைப் புரட்டியே எடுத்துவிடலாம். புத்தகத்தில் கிடைக்காதது அந்த ஆளின் முகம். உள்ளும் வெளியும் அழுத்தம் சமமானால்தான் கதவு திறக்கும். அதற்குத் தண்ணீர் உள்ளே நிரம்ப வேண்டும். அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மார்பு, கழுத்து, தாடை என்று ஏறுகிறது. கடைசி மூச்சை எப்போது இழுப்பது? உதைக்கிற நாயகனை வைத்து ஒரு வரிதான் எழுத முடியும். காத்திருக்கிற நாயகனுக்கு ஒரு அத்தியாயமே போதாது.

துப்பாக்கி எபிசோடுகளும் அப்படித்தான். குண்டு பட்டவன் பின்னால் பறந்துபோய் விழுவதில்லை. பெட்ரோல் டேங்கைச் சாதாரணத் தோட்டாவால் சுட்டால் ஓட்டைதான் விழும், வெடிக்காது. அசுர வேக ரைபிள் குண்டு தண்ணீருக்குள் சில அடியிலேயே சிதறிவிடுகிறது, மெதுவாகப் போகும் கைத்துப்பாக்கிக் குண்டு அதைவிட ஆழம் போகிறது. வில்லன் குளத்துக்குள் குதிக்கும் காட்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

குறைகள் உண்டு. ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்குப் பிறகும் சொன்னதையே திரும்பச் சொல்வார்கள். சில சோதனைகளை ஓரிரு முறை செய்துவிட்டே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். எபிசோடு முடிவில் எதையாவது வெடிக்கவைப்பது என் பையனுக்காக எடுத்தது, எனக்காக இல்லை. நம்மூர் கேஸ் ஆட்டோவுக்கு என்ன ஆகும் என்று இதில் தேடிப் பயனில்லை. புதுப்பேட்டையில் பழைய வண்டி பிரிக்கிறவர்களிடம் டீ வாங்கிக்கொடுத்துத்தான் கேட்க வேண்டும்.

பார்த்ததை எல்லாம் கதையில் கொட்டுவது இன்னொரு வியாதி. எழுத ஆரம்பித்திருக்கும் தம்பி ஒருவர் அனுப்பிய கதையில், பிணத்துக்குப் பக்கத்தில் நின்று இன்ஸ்பெக்டர் அரைப் பக்கம் உந்தம் பற்றிப் பாடம் எடுக்கிறார். "அந்தப் பாராவை வெட்டுப்பா, பிணம் எந்தப் பக்கம் சரிஞ்சு கிடக்குன்னு மட்டும் எழுது" என்றேன்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஆனால் இவர்களுக்கே நடந்த ஒன்றைக் கதையாக எழுதிவிடாதீர்கள்: 2011 டிசம்பரில், கலிஃபோர்னியாவின் டப்ளினில், சோதனைக்காகச் சுட்ட பீரங்கிக் குண்டு தடம் மாறி ஒரு வீட்டைத் துளைத்து வெளியேறி, நிறுத்தியிருந்த வேனுக்குள் போய் விழுந்தது. யாருக்கும் காயமில்லை. எந்த ஆசிரியரும் நம்பமாட்டார்.