தியானத்துக்கென்று தைத்து வாங்கிய இலவம்பஞ்சுத் திண்டு

தியானம் பழகத் தொடங்கிய பலர், மனம் ஒருநிலைப்படவில்லை என்று சொல்லிக் கைவிடுகிறார்கள். ஆனால் வெறும் தரையில் சம்மணமிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் இடுப்பிலும் முழங்காலிலும் எடுக்கிற வலியே அவர்களில் பாதிப் பேரை எழுப்பிவிடுகிறது என்பது என் கருத்து. நாற்காலிக்குப் பழகிய உடல் தரையில் அமரும்போது இடுப்பு பின்பக்கம் சரிந்து, முதுகு கூன் விழுந்து, முழங்கால்கள் தரையைத் தொடாமல் நிற்கின்றன. இதற்காகவே கிருஷ்ணகிரியில் மெத்தை தைக்கும் சிறிய கடை ஒன்றில் வட்டத் திண்டு ஒன்றைச் சொல்லித் தைத்து வாங்கினேன். பஞ்சும் துணியும் கூலியும் சேர்த்து 600 ரூபாய்க்குள் முடிந்தது.

உயரம் 6 அங்குலம், குறுக்களவு 14 அங்குலம் என்று தாளில் வரைந்து காட்டியதும், "தலைக்கு வெக்கவா சார், உக்காரவா? உக்காரன்னா கெட்டியா அடைக்கணும்" என்று கடைக்காரர் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே அவருக்குத் தொழில் தெரியும் என்பது விளங்கிவிட்டது. மேலும் கீழும் இரண்டு வட்டத் துணிகள், நடுவே கொசுவம் வைத்த பக்கப் பட்டி. ஆள் உட்காரும்போது பஞ்சு விரிவதற்கு அந்தக் கொசுவம் இடம் கொடுக்கிறது. இலவம்பஞ்சின் இழை உள்ளே குழல்போல் வெறுமையாக இருப்பதாலும் மெழுகுப் பூச்சு கொண்டிருப்பதாலும் எளிதில் ஈரம் ஏறாது; ஸ்பாஞ்சைப்போல் வியர்க்கவும் வைக்காது.

திண்டின் நடுவில் அமர்ந்தால் பயன் குறைவு. முன்பாதியில் மட்டும் உட்கார்ந்தால் இடுப்பு சற்றே முன்னோக்கிச் சாய்ந்து, முழங்கால்கள் இரண்டும் தாமாகவே தரைக்கு இறங்கும். முதுகை நிமிர்த்தத் தனியாக முயல வேண்டியதில்லை. அப்படியும் முழங்கால் இறங்காவிட்டால் ஒரு போர்வையை மடித்துத் திண்டின் அடியில் வைத்து உயரத்தைக் கூட்டலாம். டைல்ஸ் தரையில் கணுக்கால் எலும்பு உறுத்தும் என்பதால் அடியில் ஜமக்காளம் விரிப்பது அவசியம், பாய் போதவில்லை. பிறகு மூக்கின் நுனியில் மூச்சு வந்து போவதைக் கவனித்து, ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஓர் எண்ணாக ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும். எண்ணிக்கை தவறினால் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். விபாசனா என்னும் தியான முறையின் பத்து நாள் முகாமிலேயே முதல் மூன்று நாட்களும் மூச்சைக் கவனிப்பதற்கே ஒதுக்கப்படுகின்றன என்னும்போது, தொடக்கக்காரர் இதற்குமேல் எதையும் தேடி அலைய வேண்டியதில்லை. மேம்பாலத்தில் லாரிகள் போகும் இரைச்சலுக்கு நடுவிலும் இது நடக்கிறது.

குறைகளும் உண்டு. நாளைக்கு வாருங்கள் என்று கடைக்காரர் பல முறை திருப்பி அனுப்பினார். நம் ஊர்த் தையல் கடைகளில் அது புதிதல்ல. ஜிப் வைக்கச் சொல்லியும் வாயைத் தைத்தே மூடிவிட்டதால், பஞ்சு அமுங்கும்போது கூடுதலாக அடைக்கத் தையலைப் பிரித்தாக வேண்டும். இலவம்பஞ்சு நாளடைவில் அமுங்கத்தான் செய்யும் என்பதால் இது சிறிய குறையல்ல. ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் அங்கங்கே கொட்டை தட்டுப்படுகிறது. பணம் கொடுக்கும் முன் நீங்களும் இப்படி அழுத்திப் பாருங்கள். தண்ணீரில் நனைத்தால் பஞ்சு கட்டி தட்டிவிடும். துவைக்கக் கூடாது, வெயிலில் காயவைக்கலாம். எனவே தனி உறை ஒன்றும் சேர்த்துத் தைக்கச் சொல்வது நல்லது.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கும் தரையிலிருந்து எழ சிரமப்படும் பெரியவர்களுக்கும் இந்தத் திண்டைப் பரிந்துரைக்க மாட்டேன். பாதங்கள் இரண்டும் தரையில் முழுமையாகப் பதியும் உயரத்தில் கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று வீட்டில் இருந்தால், முதுகைச் சாய்க்காமல் அதன் முன்பகுதியில் அமர்ந்தே அவர்கள் இதே பயிற்சியைச் செய்யலாம்.